ஃபுகுஷிமா உலையிலிருந்து 25 கிலோமீட்டர்: மூன்று வயதுக் குழந்தையோடு குடிபோகலாமா?

#1 நெய்தல்

எல்லோருக்கும் வணக்கம். ஏழு வருடமாக ஜப்பானில் இருக்கிறோம், இப்போது டோக்கியோ பக்கம். வீட்டுக்காரருக்கு மினாமிசோமாவில் வேலை கிடைத்திருக்கிறது. அங்கே ரோபோக்களையும் ட்ரோன்களையும் சோதித்துப் பார்க்கும் பெரிய களம் இருக்கிறதே, அதை ஒட்டிய வேலை. ஹராமாச்சி பகுதியில் வீடு பார்க்கச் சொல்கிறார்கள். வரைபடத்தில் அளந்து பார்த்தேன். ஃபுகுஷிமா டாய்ச்சி அணு உலைக்கு வடக்கே சுமார் 25 கிலோமீட்டர். மகளுக்கு மூன்று வயது.

வேலை கொடுக்கும் இடத்தில் கேட்டால் "ஒன்றும் இல்லை, பாதுகாப்புதான்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அம்மாவிடம் சொன்னால் போனிலேயே அழுகிறார். இரண்டு பேச்சிலும் எனக்குப் பிடி கிடைக்கவில்லை.

போன வாரம் ஊரைப் பார்க்கப் போயிருந்தோம். பூங்காவில் ஊஞ்சலுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கம்பம். மேலே சூரியத் தகடு, நடுவில் சிவப்பு எழுத்தில் 0.090 என்று மின்னிக்கொண்டு இருந்தது. மகள் அதைக் கடிகாரம் என்று நினைத்து "இப்போ மணி என்னம்மா" என்று கேட்டாள். பதில் சொல்ல வரவில்லை. அந்த எண் நல்லதா கெட்டதா என்றே எனக்குத் தெரியாது.

2011 உலை விபத்தின்போது அந்தப் பக்கம் இருந்தவர்கள், இப்போது அங்கே இருப்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா? போ, போகாதே என்று மட்டும் சொல்லாமல், நீங்கள் எப்படி யோசித்து முடிவெடுத்தீர்கள் என்று சொன்னால் புண்ணியமாகப் போகும்.

#2 முகில்

தங்கச்சி, என் மனதில் பட்டதைச் சொல்கிறேன். இந்த நாட்டில் வேலைக்குப் பஞ்சம் இல்லை. குழந்தையை வைத்துக்கொண்டு ஏன் அந்தப் பக்கம் போக வேண்டும்? நமக்குப் பிடிபடாத ஒன்றிலிருந்து விலகி இருப்பது கோழைத்தனம் ஆகாது.

#3 கதிரியல்_ஊழியர்

நெய்தல், ஒரு மருத்துவமனையில் கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். அந்தச் சிவப்பு எண்ணிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் அதைப் படிக்கக் கற்றுக்கொள்வது அரை மணி நேர வேலைதான்.

0.090 என்றால் மணிக்கு 0.09 மைக்ரோசீவர்ட். சீவர்ட் என்பது உடல் வாங்கும் கதிர்வீச்சின் அலகு, ஆயிரம் மைக்ரோ சேர்ந்தால் ஒரு மில்லி. மண்ணிலிருந்தும் விண்வெளியிலிருந்தும் எப்போதுமே வந்துகொண்டிருப்பதும் இதில் சேர்த்தி. ஜப்பான் அரசின் கணக்கில் அந்த இயல்பான பங்கு 0.04. கழித்தால் விபத்தின் பங்கு 0.05. ஒரு நாளில் 8 மணி நேரம் வெளியே, 16 மணி நேரம் மர வீட்டுக்குள் என்று வைத்துக்கொள்கிறார்கள். மர வீட்டுக்குள் வருவது வெளியே இருப்பதில் 0.4 பங்கு. ஆகவே 16 மணி நேரம் 6.4 மணி நேரத்துக்குச் சமம், வெளியே இருந்த 8-ஐக் கூட்டினால் 14.4. இனி 0.05 × 14.4 × 365 போட்டுப் பாருங்கள். 263 மைக்ரோசீவர்ட், அதாவது ஆண்டுக்கு 0.26 மில்லிசீவர்ட்.

செய்திகளில் 0.23 என்ற எண் அடிக்கடி வரும். அதுவும் இதே கணக்குத்தான். 0.04 போக மிச்சம் 0.19, அதை 14.4-ஆலும் 365-ஆலும் பெருக்கினால் ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட். பொதுமக்களுக்கான வழக்கமான வரம்பு அது.

சரி, 0.26 பெரியதா சிறியதா? உலகத்தில் சராசரி மனிதருக்கு இயற்கையிலிருந்தே ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் கிடைக்கிறது. வயிற்றுக்கு ஒரு சிடி ஸ்கேன் எடுத்தால் 10-ஐ ஒட்டி வரும். 100 மில்லிசீவர்ட் வாங்கினால் வாழ்நாளில் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு 0.5 சதவீதம் கூடும் என்று வைத்துத்தான் உலகம் முழுக்கப் பாதுகாப்பு விதிகள் எழுதப்படுகின்றன. பத்து வருடம் அங்கேயே இருந்தாலும் உங்களுக்கு 2.6. அதாவது பத்தாயிரத்தில் ஒன்றுக்குக் கொஞ்சம் மேல். குழந்தைகளின் உடலை இது அதிகம் பாதிக்கும் என்பதால் மகளுக்கு இரண்டு மூன்று மடங்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள். பூஜ்யம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கையில் பிடித்து எடை பார்க்கக்கூடிய அளவு.

ஒன்று மட்டும் கவனம். அந்தக் கம்பம் நிற்கும் இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்திருப்பார்கள். அது காட்டுவது ஊஞ்சலடி எண். உங்கள் வீட்டுக் கூரைத் தண்ணீர் விழும் இடத்தின் எண் வேறாக இருக்கலாம். வாடகைக்குக் கையெழுத்துப் போடும் முன் ஒரு கருவியை இரவல் வாங்கி நீங்களே அளந்து பாருங்கள்.

#4 எதிர்க்கரை

மேலே உள்ள கணக்கில் தப்பு இல்லை. ஆனால் கணக்குப் போட வேண்டிய எண் நமக்கு வேண்டிய நாளில் கிடைக்குமா? என் கவலை அது.

2011 மார்ச் 11 இரவு முதலில் 3 கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள் வெளியேறுங்கள் என்றார்கள், விடிவதற்குள் 10, மறுநாள் மாலை 20. காம்பஸ் வைத்து வரைந்த வட்டங்கள். காற்று வட்டமாகவா அடிக்கும்? நாமியே ஊர் மக்கள் பலர் வட்டத்தை விட்டு வெளியேறி வடமேற்கே மலைப்பக்கம் சுஷிமா என்ற இடத்துக்குப் போய்த் தங்கினார்கள். மார்ச் 15 அன்று காற்று அதே திசையில் திரும்பியது, மழையும் பனியுமாகக் கொட்டியது. தப்பி ஓடி வந்தவர்கள் தலையிலேயே உலையின் கதிரியக்கத் தூசு இறங்கியது. காற்று எந்தப் பக்கம் கொண்டுபோகும் என்று கணிக்க அரசிடம் ஸ்பீடி என்ற கணினி அமைப்பு இருந்தது. அதன் வரைபடம் அந்த மக்கள் கைக்கு வந்து சேரவில்லை.

இடாத்தே கிராமத்தைப் பாருங்கள். பெரும்பகுதி 30 கிலோமீட்டருக்கும் அப்பால். அந்த மார்ச் 15-ஆம் தேதியே அழுக்காகிவிட்ட கிராமத்தை வெளியேறச் சொன்னது ஏப்ரல் 22-இல். ஐந்து வாரத்துக்கு மேல் அங்கே பிள்ளைகள் இருந்தார்கள்.

அப்புறம் பள்ளிக்கூடங்கள். விளையாட்டுத் திடலில் மணிக்கு 3.8 மைக்ரோசீவர்ட் வரை பரவாயில்லை என்றது அரசு. கதிரியல்_ஊழியர் சொன்ன அதே சூத்திரத்தில் போட்டால் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் வரும். பிரதமருக்கு ஆலோசகராக இருந்த பேராசிரியர் கொசாக்கோ தொஷிசோ இதை ஏற்க முடியாது என்று ஏப்ரல் 29-இல் செய்தியாளர்கள் முன் கண்கலங்கிப் பதவியை விட்டார். பெற்றோர்கள் கொதித்து எழுந்த பிறகுதான் மே மாதக் கடைசியில் 1 மில்லிசீவர்ட்டை நோக்கிக் குறைப்போம் என்றார்கள்.

ஆகவே நெய்தல், இன்றைய 0.090-ஐ நான் நம்புகிறேன். நாளைக்கு ஏதாவது ஆனால் அன்றைய எண்ணை யார் சொல்வார்கள், எப்போது சொல்வார்கள் என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

#5 கஷிவா_அப்பா

இந்த இழையில் எழுத வேண்டும் என்று இரண்டு நாளாக நினைத்துக்கொண்டு இருந்தேன். 2011-இல் நாங்கள் சிபா மாகாணத்தில் கஷிவாவில் இருந்தோம். உலையிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர். பையனுக்கு அப்போது எட்டு மாதம்.

12-ஆம் தேதி முதல் உலைக் கட்டடம் வெடித்தது, 14-இல் மூன்றாவது, 15-இல் நான்காவது. அமெரிக்கா தன் மக்களை 80 கிலோமீட்டருக்கு அப்பால் போகச் சொன்னது. எங்களுக்குத் தெரிந்த வெளிநாட்டுக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக விமானம் ஏறின. அப்படிப் போனவர்களை "ஃபிளைஜின்" என்று ஒரு பட்டப்பெயர் வைத்துப் பேசினார்கள். போனால் கோழை, இருந்தால் பிள்ளைமேல் அக்கறை இல்லாதவன். இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் நின்று முடிவெடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

15-ஆம் தேதி ராத்திரி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து மனைவியும் நானும் ஒரு தாளில் கோடுகள் எழுதினோம். வெளியே அளவு மணிக்கு 5 மைக்ரோசீவர்ட்டைத் தாண்டி ஆறு மணி நேரம் இறங்காமல் நின்றால் மேற்கே கிளம்புவது. குழாய்த் தண்ணீர் கைக்குழந்தை வரம்பைத் தாண்டினால் பையனுக்குப் பாட்டில் தண்ணீர் மட்டும், ஆனால் ஊரை விட வேண்டாம். ரயில் நின்றால், எண் என்னவாக இருந்தாலும், அடுத்த வண்டி ஓடும்போது கிளம்பிவிடுவது. தாளைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டினோம். அன்று டோக்கியோவில் ஷின்ஜுக்குவில் அளந்தது உச்சத்தில் 0.8-ஐ ஒட்டிப் போய் இறங்கியது. எங்கள் கோட்டுக்கு வெகு கீழே. அன்று தூங்கினோம்.

23-ஆம் தேதி டோக்கியோவின் கானாமாச்சி தண்ணீர் நிலையத்தில் லிட்டருக்கு 210 பெக்கரல் கதிரியக்க அயோடின் என்று அறிவித்தார்கள். பெக்கரல் என்பது நொடிக்கு எத்தனை அணு சிதைகிறது என்ற கணக்கு. கைக்குழந்தைகளுக்கு வரம்பு 100, பெரியவர்களுக்கு 300. எங்களுக்கும் அதே எடோ ஆற்றுத் தண்ணீர்தான். தாளின்படி பாட்டில் தண்ணீர் போதும். ஆனால் கடைகளில் ஒரு பாட்டில் இல்லை. பால்மாவுக்கு வெந்நீர் வைத்த கெட்டிலைத் திறந்து அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்ற மனைவியின் முகம் இன்னும் கண்ணில் இருக்கிறது. அன்று மாலையே ஒசாகாவுக்குக் கிளம்பினோம். மறுநாளே டோக்கியோ தண்ணீர் 79-க்கு இறங்கித் தடையை எடுத்துவிட்டார்கள். அயோடின்-131 எட்டு நாளில் பாதியாகும், எண்பது நாளில் ஆயிரத்தில் ஒன்றாகும். ஆனால் அன்று எங்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் ஆறுதலாக இல்லை.

இனிமேல்தான் முக்கியமானது. ஏப்ரலில் திரும்பி வந்து "முடிந்தது" என்று மூச்சு விட்டோம். கோடையில் ஒரு கருவி கிடைத்தது. பால்கனியில் 0.3 காட்டியது. கீழே இறங்கிக் கூரைத் தண்ணீர்க் குழாய் மண்ணில் விழும் இடத்தில் வைத்தேன். எண் ஏறிக்கொண்டே போய் 2.4-இல் நின்றது. கைக்கு நடுக்கம் கண்டது. பையன் தவழ்ந்து விளையாடும் பாய்க்கும் அந்தக் குழாய்க்கும் நான்கு அடிதான். மண்வெட்டியால் ஒரு சாண் ஆழம் வெட்டி எடுத்துப் பையில் கட்டி, வீட்டுக்குப் பின்னால் ஆள் போகாத மூலையில் குழி தோண்டிப் புதைத்து மேலே நல்ல மண் போட்டேன். மறுபடி வைத்தால் 0.4.

பிறகுதான் விவரம் தெரிந்தது. எங்கள் பக்கம் அந்தக் கதிரியக்கத் தூசு வந்தது மார்ச் 21 மழையில். 12-ஆம் தேதியிலிருந்து நடுங்கிக்கொண்டு இருந்த நாங்கள் 21-ஆம் தேதி கொஞ்சம் நிம்மதியாகி, பையனைத் தோளில் போட்டுக்கொண்டு தூறலில் நனைந்தபடியே கடைக்குப் போய் வந்திருக்கிறோம். ஊரை விட்டுக் கிளம்பியது 23-இல். அதே ஆண்டு அக்டோபரில் கஷிவாவில் உடைந்த மழைநீர்க் கால்வாய் ஒன்றின் அருகே மண்ணுக்குள் 57.5 மைக்ரோசீவர்ட் வரை கண்டுபிடித்தார்கள். 200 கிலோமீட்டர் தூரத்தில்!

நெய்தல், இருபத்தைந்தா இருநூறா என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள் என்று சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். காற்று எந்தப் பக்கம், அப்போது மழை பெய்ததா, அந்தத் தண்ணீர் எங்கே போய்த் தேங்கியது, இதைக் கேளுங்கள்.

#6 கதிரியல்_ஊழியர்

கஷிவா_அப்பா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அதே அக்டோபரில் டோக்கியோவின் செத்தகாயாவில் நடைபாதை ஓரம் 2.7 மைக்ரோசீவர்ட் காட்டியதும் ஊரே ஃபுகுஷிமா என்று அலறியது. தேடிப் பார்த்தால் யாரும் குடியிராத ஒரு வீட்டின் தரைக்கு அடியில் பழைய ரேடியம் பாட்டில்கள். விபத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அது வெளியே வந்ததற்கும் காரணம் மக்கள் கருவியோடு நடந்ததுதான்.

#7 செவிலி

நான் பேச வந்தது வேறு விஷயம். முதியோர் இல்லத்தில் வேலை செய்தவள் நான், அதனால் எனக்கு இது நெஞ்சில் தைத்த முள்.

ஃபுகுஷிமா மாகாணத்தில் நிலநடுக்கத்திலும் ஆழிப்பேரலையிலும் நேரடியாக இறந்தவர்கள் சுமார் 1,600 பேர். அதற்குப் பிறகு, இடம்பெயர்ந்த அலைச்சலாலும் சிகிச்சை அறுந்துபோனதாலும் இறந்ததாகப் பதிவானவர்கள் 2,300-க்கும் மேல். உலைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு மருத்துவமனையிலும் அதன் முதியோர் இல்லத்திலும் படுக்கையில் கிடந்தவர்களைப் பேருந்தில் உட்கார வைத்து மணிக்கணக்கில் சுற்றினார்கள். 40-க்கும் மேற்பட்டவர்கள் போய்ச் சேர்ந்தார்கள், கதிர்வீச்சால் அல்ல. மினாமிசோமா முதியோர் இல்லங்களை ஆராய்ந்தபோது இடம்பெயர்ந்த பிறகு இறப்பு 2.7 மடங்கு ஆனது தெரியவந்தது.

வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்றதும் லேசுப்பட்ட விஷயம் இல்லை. 20-க்கும் 30 கிலோமீட்டருக்கும் இடையே இருந்த மினாமிசோமாவுக்கு லாரி ஓட்டுநர்கள் வர மறுத்தார்கள். பெட்ரோல் இல்லை, சாப்பாடு இல்லை, மருந்து இல்லை. மேயர் சகுராய் கத்சுனோபு காணொளியில் வந்து உலகத்திடம் கையேந்தி உதவி கேட்டார். 70,000 பேர் இருந்த ஊரில் ஒரு கட்டத்தில் 10,000 பேர்தான் மிஞ்சினார்கள்.

அதனால் "எவ்வளவு தூரம், எவ்வளவு எண்" என்பதற்கு முன் வீட்டில் யார் யார் என்று பாருங்கள். 80 வயது மாமனாருக்கும் மூன்று வயது மகளுக்கும் ஒரே பதில் கிடையாது. ஒருவரை அசைத்தால் ஆபத்து, இன்னொருவரை வைத்திருந்தால் ஆபத்து.

#8 முகில்

செவிலி அம்மா சொன்னது மனதை உலுக்கிவிட்டது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கிளம்பியதால் இத்தனை பேர் இறந்தார்கள் என்பது அங்கே ஏற்கெனவே இருந்தவர்களின் கதை. தங்கச்சி அங்கே இல்லை. அவர் கிளம்ப வேண்டியதும் இல்லை, போகாமல் இருந்தால் போதும். அந்த இழப்பைக் காட்டி "போய்க் குடியிரு" என்று சொல்வது பொருந்தாது.

#9 செவிலி

சரியாகச் சொன்னீர்கள் முகில் அண்ணா. நான் அதைப் பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும். புதிதாகப் போகிறவர் எடை போட வேண்டியது வேறு: மிச்சம் இருக்கும் அளவு, இனி நடக்கக்கூடியது, அன்றாட வாழ்க்கை. மூன்றாவதை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தைக்கு வலிப்பு வந்தால் எந்த மருத்துவமனை, எத்தனை நிமிடம்? விபத்துக்குப் பிறகு அந்தக் கடலோரத்தில் மருத்துவர்களும் செவிலியர்களும் குறைந்து போனார்கள். முதலில் இதை விசாரியுங்கள்.

#10 நெய்தல்

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. கஷிவா_அப்பா எழுதியதை நானும் வீட்டுக்காரரும் இரண்டு தடவை படித்தோம்.

இன்னும் சில சந்தேகங்கள். சாப்பாடு, தண்ணீர், மீன்? அயோடின் மாத்திரை வாங்கி வைக்கவா? உலையில் மறுபடி ஏதாவது ஆனால்? அங்கே இருப்பவர்கள் யாராவது சொல்வீர்களா?

#11 கதிரியல்_ஊழியர்

மாத்திரை வேண்டாம். காரணம் எளிது. டாய்ச்சி உலைகள் 2011-க்குப் பிறகு ஓடவில்லை. அன்று இருந்த அயோடின்-131 எப்போதோ அழிந்துவிட்டது. அங்கே இனி எது கசிந்தாலும் அதில் அயோடின்-131 இருக்காது, மாத்திரை காப்பது கதிரியக்க அயோடினிலிருந்து மட்டும்தான். ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு உலைக்குப் பக்கத்தில் வாழ்கிறவருக்கு என் பதில் மாறும். செர்னோபிலில் 1986-இல் பிள்ளைகள் அயோடின் கலந்த பாலைக் குடித்தார்கள். அப்போது பிள்ளைகளாக இருந்தவர்களில் 2005 வரை தைராய்டு புற்றுநோய் வந்தவர்கள் 6,000-க்கும் மேல், அதில் கணிசமான பங்கு அந்த அயோடினால். அதே சமயம் போலந்து ஒரு கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு அயோடின் கொடுத்தது. 2011-இல் மிஹாரு என்ற சின்ன ஊர் மேலிட உத்தரவுக்குக் காத்திராமல் மார்ச் 15-ஆம் தேதி, காற்று தன் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துத் தானாகவே மாத்திரை கொடுத்தது. அந்த ஊர் அலுவலர்களை நினைத்தால் எனக்கு இன்றும் மரியாதையாக இருக்கிறது.

அங்கே மிச்சம் இருப்பது சீசியம் என்ற கதிரியக்கப் பொருள். சீசியம்-134 இரண்டு வருடத்தில் பாதியாகும், இப்போது அநேகமாக இல்லை. சீசியம்-137-க்கு 30 வருடம், இன்னும் முக்கால்வாசி இருக்கிறது. தொடக்கத்தில் கதிர்வீச்சின் பெரும்பங்கு 134-இலிருந்து வந்ததால், 14 வருடத்தில் இரண்டும் சேர்ந்த வீச்சு தானாகவே ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகிவிட்டது. மழையும் மண்வெட்டியும் குறைத்தது அதற்கு மேல். ஆனால் இனி அவ்வளவு வேகமாகக் குறையாது. மகள் கல்லூரிக்குப் போகும்போதும் அந்தக் கம்பம் கிட்டத்தட்ட இதே எண்ணைத்தான் காட்டும்.

சாப்பாட்டுக்கு 2012 ஏப்ரலிலிருந்து வரம்பு கிலோவுக்கு 100 பெக்கரல், பாலுக்கும் குழந்தை உணவுக்கும் 50, குடிநீருக்கு 10. கடையில் வாங்குவதைப் பற்றி நான் கவலைப்பட மாட்டேன். மினாமிசோமாவில் 2011-12-இல் 9,498 பேருக்கு உடலுக்குள் எவ்வளவு சீசியம் என்று அளந்தார்கள். அப்போதே ஒரே ஒருவர் தவிர எல்லோருக்கும் உள்வாங்கிய அளவு 1 மில்லிசீவர்ட்டுக்குக் கீழே. அந்த ஒருவருக்கு 1.07. ஆனால் யாராவது அன்பாகக் காட்டுக் காளானோ மலைக்கீரையோ பறித்துக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு நன்றி சொல்லுங்கள், மகளுக்குக் கொடுக்காதீர்கள். காட்டுமண் சீசியத்தை விடாது.

மீனைப் பற்றி: 2023 ஆகஸ்டிலிருந்து உலையில் சுத்திகரித்துக் கடலில் விடும் தண்ணீரில் மிஞ்சுவது முக்கியமாக டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன். லிட்டருக்கு 1,500 பெக்கரலுக்குக் கீழே கரைத்து விடுகிறார்கள். குடிநீருக்கே உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு 10,000. நான் சாப்பிடுகிறேன்.

#12 ஹராமாச்சி_வாசி

இழையை இப்போதுதான் பார்த்தேன். நான்கு வருடமாக இங்கே இருக்கிறேன். மனைவி, இரண்டு பிள்ளைகள்.

இங்கே நான் உண்மையிலேயே பயந்தது ஒரே ஒரு ராத்திரி. 2022 மார்ச் 16, மணி 11:36. 7.4 அளவு நிலநடுக்கம். ஜப்பானில் 7 வரை போகும் அதிர்வு அளவுகோலில் மினாமிசோமாவில் "மேல் 6". அலமாரி பிள்ளைகள் படுக்கும் இடத்துக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. இருட்டில் கண்ணாடிச் சில்லுமேல் செருப்பில்லாமல் நடந்து பிள்ளைகளைத் தூக்கினேன். காலில் ரத்தம் வந்ததே காலையில்தான் தெரிந்தது. காரில் மேட்டுப் பக்கம் போய் உட்கார்ந்தோம். முதல் பயம் ஆழிப்பேரலை, இரண்டாவது உலை. பக்கத்து டாய்னி அணு மின் நிலையத்தில் பழைய எரிபொருள் தொட்டியைக் குளிர்விக்கும் பம்பு நின்று பிறகு ஓடியதாக வானொலியில் சொன்னார்கள். பத்து வருடம் ஆறிய எரிபொருள் என்பதால் தண்ணீர் சூடேற நாள்கணக்கு ஆகும் என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த ராத்திரி கொஞ்சம் லேசாகப் போயிருக்கும்.

உலை அடங்கிவிட்டது என்று நானும் சொல்ல மாட்டேன். உருகிக் கட்டியான எரிபொருள் சுமார் 880 டன் உள்ளே கிடக்கிறது. 2024 நவம்பரில் முதல்முறையாக வெளியே எடுத்தது ஒரு கிராம்கூட இல்லை. என் பிள்ளைகள் பெரியவர்களாகும் வரைக்கும் அந்த வேலை முடியாது. அதைத் தெரிந்துகொண்டுதான் இருக்கிறோம்.

எங்கள் வீட்டில் அலமாரிகள் எல்லாம் சுவரோடு திருகி இருக்கின்றன. படுக்கைப் பக்கத்தில் செருப்பு. கார் டாங்க் பாதிக்குக் கீழே இறங்க விடுவதில்லை, 2011-இல் பெட்ரோல் இல்லாமல் தவித்த பக்கத்து வீட்டுப் பாட்டி சொல்லிக்கொடுத்த பழக்கம். கிளம்ப வேண்டி வந்தால் எந்தச் சாலை, காற்று எந்தப் பக்கம் என்றால் எந்தத் திசை என்று இரண்டு வழி முடிவு செய்து வைத்திருக்கிறோம்.

பிள்ளை மருத்துவர் பகலில் உண்டு. ராத்திரி அவசரம் என்றால் செண்டாய் நகரம் வரை போக வேண்டி வரலாம். செவிலி அம்மா கேட்டது சரியான கேள்வி. எங்கள் வீட்டில் வருடத்துக்கு ஒரு தடவையாவது இதைப் பற்றிச் சண்டை வரும்.

#13 எதிர்க்கரை

ஹராமாச்சி_வாசி எழுதியதைப் படித்த பிறகு என் பதிவைத் திருத்த வேண்டும் போல இருக்கிறது. யார் சொல்வார்கள் என்று கேட்டேன். அங்கே இருப்பவர்கள் யாரும் சொல்வதற்காகக் காத்திருக்கவில்லை, தாங்களே அளந்து தாங்களே வழி பார்த்து வைத்திருக்கிறார்கள். ஆனாலும் நான் என் பிள்ளையோடு போக மாட்டேன். மகள் சார்பில் நாம் எடுக்கும் ஆபத்து எவ்வளவு சின்னது என்றாலும் அது அவள் கேட்டு வாங்கியது இல்லை. நெய்தல், இது என் மனம். உங்கள் மேல் திணிக்கவில்லை.

#14 நெய்தல்

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

கருவி ஒன்று இரவல் கிடைத்தது. மறுபடி போய் இரண்டு வீடு பார்த்தோம். முதல் வீடு அழகு, பின்னால் சின்ன மரக்காடு. கூடத்தில் 0.07, கொல்லைப்புறம் காட்டோரம் 0.24. இரண்டாவது வீடு ஊருக்குள், சுமாரான வீடு. அறைகளில் 0.05, வாசலில் 0.08, கூரைக் குழாயடியில் 0.31. குழாயடியில் எண் ஏறியபோது கஷிவா_அப்பா நினைவு வந்தது. வீட்டுக்காரப் பெரியவரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னோம். அவர் கோபப்படவில்லை. அந்த மண்ணை நகராட்சியிடம் கேட்டு மாற்றித் தருகிறேன் என்றார். பிறகு தன் பேரப்பிள்ளைகள் 2011-இல் யமகாத்தாவுக்குப் போனவர்கள் திரும்பி வரவே இல்லை என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.

எதிர்க்கரை சொன்னது இன்னும் உறுத்திக்கொண்டுதான் இருக்கிறது. அதற்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டாவது வீட்டை எடுக்கிறோம். ஒரு வருடம் இருந்து பார்ப்பது, மகள் பள்ளியில் சேரும் முன் மறுபடி உட்கார்ந்து பேசுவது என்று முடிவு. அம்மாவிடம் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டினேன். அழுகை நிற்கவில்லை, ஆனால் கூரைக் குழாயடியைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டார்.

குளிர்சாதனப் பெட்டித் தாளும் எழுதிவிட்டோம், ஒரே ஒரு வரி மட்டும் பாக்கி. வாசலில் எண் எவ்வளவு ஏறினால் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவது? வீட்டுக்காரர் 1 என்கிறார், நான் 0.5 என்கிறேன்.

#15 கதிரியல்_ஊழியர்

0.5 என்றே எழுதுங்கள், ஆனால் பக்கத்தில் இதையும் எழுதுங்கள். மழை தொடங்கினால் எந்த ஊரிலும் எண் கொஞ்சம் ஏறும். காற்றில் இயற்கையாக இருக்கும் ரேடான் என்ற கதிரியக்க வாயு சிதைந்து உண்டாகும் துகள்களை மழை தரைக்குக் கொண்டுவருவதால் அது. மழை நின்று இரண்டு மணி நேரத்தில் இறங்கிவிடும். முதல் மழையில் பயந்து நடுராத்திரியில் குழந்தையோடு கிளம்பிவிடாதீர்கள். இரண்டு மணி நேரம் கழித்து அதே இடத்தில், அதே உயரத்தில் வைத்துப் பாருங்கள். இறங்கவில்லை என்றால், அப்போது கிளம்புங்கள். குடிபோன முதல் மாதம் தினமும் ஒரே நேரத்தில் அளந்து ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். உங்கள் வாசலின் இயல்பான எண் என்ன என்று தெரிந்தால்தான் ஏறியது தெரியும்.